உழவர் சந்தையில் ஒரு வருஷம்: விலை முதல் நாளே குறைந்தது, செலவு குறைய ரெண்டு மாசம் ஆனது

போன வருஷம் மே மாசக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிக் கழுவினேன். கீழ்த் தட்டிலிருந்து கூழாகிப்போன கொத்தமல்லிக் கட்டு ரெண்டு வந்தது. வெட்டின பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த பூசணிக் கீற்று ஒன்று. வளைத்தால் ரப்பர் மாதிரி வளைகிற பீட்ரூட் மூணு. அதற்குப் பின்னால், என்றைக்கு வைத்தது என்றே தெரியாமல் மூணு சின்ன டப்பாவில் சாம்பார். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். வாளியின் எடை போக 2 கிலோ 100 கிராம். தோல், காம்பு, விதை எதுவும் அதில் சேர்த்தி இல்லை. அத்தனையும் காசு கொடுத்து வாங்கி, நாங்கள் சாப்பிட்டிருக்க வேண்டியது.

நான் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் நாலாவது. கூட என் மாமியார், 71 வயது. காலையில் நாலு டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டிய வீடு. அதனால்தான் ரெண்டு வருஷமாகக் காய்கறி எல்லாமே போனில் ஆர்டர் போட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. பத்து பதினைந்து நிமிஷத்தில் கொண்டுவந்து தரும் ஆப். வாளியை எடை போட்ட அன்றைக்கு ராத்திரி, மார்ச் முதல் மே வரைக்குமான ஆர்டர்களை உட்கார்ந்து கூட்டினேன். பழம், பால், பலசரக்கு எல்லாம் தள்ளிவிட்டு வெறும் காய்கறிக்கும் கீரைக்கும் மட்டும், மாசத்துக்குச் சராசரி ரூ.3,900.

ஜூன் முதல் வாரத்திலிருந்து உழவர் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். முழுசாக ஒரு வருஷம் போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். எங்கள் மதுரையில் உழவர் சந்தை ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நான் போவது எது என்று சொல்லவில்லை. கீழே ஒரு குறை சொல்லப்போகிறேன், அது யாரையும் கைகாட்டியதாக ஆகிவிடக் கூடாது. ஆனால் நான் சொல்கிறதில் பெரும்பகுதி எந்த ஊர் உழவர் சந்தைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இளம் வயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே எங்கள் ஊர் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14-ஆம் தேதி, கருணாநிதி முதல்வராக இருந்த சமயம். இன்றைக்கு மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. விளைவித்தவரே நேரில் வந்து விற்க வேண்டும், நடுவில் தரகர் கிடையாது என்பதுதான் ஏற்பாடு. விவசாயிக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள், கடைக்கு வாடகை இல்லை, தராசும் சந்தையிலேயே தருகிறார்கள். விலையை அதிகாரிகள் தினமும் காலையில் மொத்த மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து, அதற்குச் சற்று மேலேயும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழேயும் நிர்ணயித்து வாசல் பலகையில் எழுதிப்போடுகிறார்கள். அந்தப் பலகைதான் எனக்கு முதலில் பிடித்தது. பேரம் பேச எனக்கு வராது. பலகையில் இருக்கிற விலையைக் கொடுத்தால் போதும் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி.

முதல் நாள் காலை 5.40-க்கு ஸ்கூட்டியை நிறுத்தினேன். நன்றாக விடியவில்லை. பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு போனில் ஆப்பைத் திறந்து, அதே நிமிஷம் அதில் என்ன விலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். தக்காளி சந்தையில் 28, ஆப்பில் 41. சின்ன வெங்காயம் 48, அங்கே 74. கத்தரிக்காய் 36, அங்கே 58. வெண்டைக்காய் 30, அங்கே 52. கேரட் 56, அங்கே 68. உருளைக்கிழங்கு 38, அங்கே 42. அரைக்கீரை கட்டு 10 ரூபாய், அங்கே அதில் பாதி அளவுகூட இல்லாத கட்டு 25. ரெண்டு கிலோ தக்காளி, வெங்காயமும் உருளையும் ஒவ்வொரு கிலோ, மற்றது அரை அரைக் கிலோ, கீரை ரெண்டு கட்டு எடுத்தேன். 223 ரூபாய் ஆனது. அதே சாமான் ஆப்பில் 337, டெலிவரிக் காசு தனி.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். கத்தரி, வெண்டை, வெங்காயம், கீரை எல்லாம் அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து நிலத்தில் விளைந்து அன்றைக்கே வருகிறவை. விலை வித்தியாசம் மிகுந்திருப்பது அவற்றில்தான். கேரட், பீட்ரூட், பீன்ஸ் மலையிலிருந்து இறங்கி வரவேண்டும், உருளை அதைவிடத் தொலைவிலிருந்து வருகிறது. அவற்றில் நாலு ரூபாய், பன்னிரண்டு ரூபாய்தான் மிச்சம். எனவே சந்தைக்குப் போய் மலைக்காயாக வாங்கி வந்து "ஒன்றும் பெரிசாக மிச்சமில்லையே" என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சமையலை நாட்டுக்காய்க்கு மாற்றிக்கொண்டால்தான் சந்தை கைகொடுக்கும். எங்கள் வீட்டில் பெரியவளுக்குப் பீன்ஸ் தவிர வேறு வெஞ்சனம் இறங்காது. அவளைக் கோவக்காய்க்கும் அவரைக்காய்க்கும் கொண்டுவர ஆறு மாசம் பிடித்தது. கோவக்காயை வட்டமாக மெல்லிசாக நறுக்கி, இரும்புச் சட்டியில் எண்ணெய் குறைவாக விட்டு மொறுமொறுவென்று வறுத்த பிறகுதான் வழிக்கு வந்தாள்.

இனி, நான் ஏமாந்த இடம்.

ஜூன் மாசம் முடிந்து கூட்டிப் பார்த்தால் காய்கறிச் செலவு ரூ.3,600. ஜூலையும் கிட்டத்தட்ட அதே. விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, செலவோ 300 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. இது எப்படி என்று தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 3,600 ரூபாய்க்குச் சந்தையில் வாங்கின காயை ஆப் விலைக்கு மாற்றினால் ஏறக்குறைய 5,440 ரூபாய்ச் சாமான். அதாவது முன்னால் வாங்கினதைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதலாக வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஆள் கூடவில்லை. யாரும் நாற்பது பங்கு கூடுதலாகச் சாப்பிடவும் இல்லை. ஜூலை ரெண்டாவது வாரம் மறுபடியும் வாளியைத் தராசில் வைத்தேன். 3 கிலோ 400 கிராம். ஆப்பில் வாங்கின காலத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

காரணம் எனக்கே தெரிந்ததுதான். பத்து ரூபாய்க்குக் கீரை என்றால் நாலு கட்டு எடுத்துவிடுவேன். புடலங்காய் பிஞ்சாக, மேலே வெள்ளைப் பூச்சு மாறாமல் இருந்தால் ஒன்றுக்கு ரெண்டாகக் கட்டப்பையில் போய்விடும். வாரத்துக்கு ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைதான் போனேன் என்பதால் ஏழு நாளைக்கும் சேர்த்து வாங்குகிற பயம் வேறு. ஞாயிறு கொண்டுவந்த கீரையை வெள்ளிக்கிழமை ஆய்ந்தால் பாதி மஞ்சளாக இருக்கிறது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறது. தோல், எலும்பு போன்ற தின்ன முடியாத பகுதியையும் சேர்த்த கணக்கு அது. ஐந்து பேருக்கு வாரத்துக்கு 5 கிலோ 300 கிராம் வரும். படித்தபோது இவ்வளவா என்று நினைத்தேன். என் வாளியோடு தோலையும் காம்பையும் சேர்த்திருந்தால் அந்த வாரம் அதைத் தொட்டிருக்கும், தாண்டியும் இருக்கும்.

என்னைத் திருத்தினவர் கீரை விற்கிற ஒரு அப்பத்தா. கிழக்கு வரிசையில் கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, சில நாள் மணத்தக்காளி. ஈரத்துணியை விலக்கி ஒரு கட்டை எடுத்து, வேர்ப்பக்கத்தைத் தட்டி மண்ணை உதிர்த்துத்தான் கையில் தருவார். ஜூலைக் கடைசியில் ஒருநாள் நான் நாலு கட்டு எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலையும் இன்னைக்கே ஆக்கிருவியா தாயி?"

"இல்ல அப்பத்தா, ஒண்ணு இன்னைக்கு, மத்தது வாரத்துல."

"அப்ப ரெண்ட வச்சிட்டுப் போ. கீர காத்திருக்காது. புதங்கெழம வா, நா இங்கனதான் இருப்பேன்."

விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருபது ரூபாய் வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்னார். "புதங்கெழம வா" என்ற சொல்தான் எங்கள் வீட்டுக் கணக்கை மாற்றியது. வாரத்தில் ஒருநாள் பெரிய பை என்பதை விட்டுவிட்டு, ஞாயிறும் புதனும் சின்னப் பை என்று வைத்துக்கொண்டேன். புதன்கிழமை 5.40-க்குப் போனால் 6.15-க்கு வீடு. 8.15-க்குப் பள்ளிக்குக் கிளம்பணும். நெருக்கம்தான், ஆனாலும் முடிகிறது. ஞாயிறு மாலை மாவு அரைத்து வைத்துவிடுவதால் புதன் காலை இட்லிதான், அடுப்படியில் நிற்கிற நேரம் குறைவு.

பட்டியல் சின்னவன் பொறுப்பு. செவ்வாய், சனி ராத்திரி அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுவான், நான் எழுதிக்கொள்வேன். இருக்கிறதை எழுதின பிறகுதான் வாங்க வேண்டியதை எழுதுவது. எதை முதலில் ஆக்குவது என்பதும் அதிலேயே வந்துவிடும். சந்தை போன அன்றைக்குக் கீரை. அடுத்த நாள் வெண்டை அல்லது அவரை. கத்தரி, புடலை, பீர்க்கு அதற்கப்புறம். சேனை, வாழைக்காய், முழுப் பூசணி எல்லாம் எத்தனை நாளும் இருக்கும், அவை கடைசி. செவ்வாயும் சனியும் மதியம் எங்கள் வீட்டில் கதம்ப சாம்பார்தான். ஒரு முருங்கைக்காய், ரெண்டு கத்தரி, நாலு அவரை, ஒரு துண்டு பூசணி என்று மிச்சம் கிடக்கிறதெல்லாம் அதில் போய்விடும். ரெண்டே ரெண்டு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துத்தான் முன்னெல்லாம் அவை அழுகும்வரை உள்ளே கிடந்தன.

வைக்கிற முறையிலும் என் மாமியாரிடம் கற்றுக்கொண்டேன், அவரும் ஒன்றை என்னிடம் மாற்றிக்கொண்டார். கொத்தமல்லியையும் கீரையையும் செய்தித்தாளில் சுற்றுவது அவர் வழக்கம். அச்சு மை உணவில் ஒட்டும், தாளில் பொதியாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருப்பதைச் சொன்னேன். மறுநாளே மாமாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து முழ அகலத்துக்குக் கிழித்து ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டார். கொத்தமல்லியை வேரை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, அந்தத் துணியில் தளர்வாகச் சுருட்டி எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைக்கிறோம். எட்டு, ஒன்பது நாள் பச்சையாக இருக்கிறது. நனைந்தபடி பாலிதீன் கவரில் வைத்தபோது நாலாம் நாள் கூழ். தக்காளியும் வாழைப்பழமும் பழுக்கும்போது எத்திலீன் என்கிற வாயு விடும், பக்கத்தில் இருக்கிற கீரையும் வெள்ளரியும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகும். அதனால் தக்காளி இப்போது ஃப்ரிட்ஜுக்கு வெளியே, காற்றோட்டமான மூங்கில் கூடையில், காம்பு கீழே பார்க்க. அதை விடிகாலையில் திருப்பி அடுக்கி, கனிந்ததை முன்னால் வைப்பது மாமியாரின் வேலை. அதை யாரும் செய்ய விடமாட்டார்.

பீர்க்கங்காய்த் தோலில் துவையல், கீரைத் தண்டைச் சாம்பாரில், புளித்த மாவில் பணியாரம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரிக்கவில்லை.

சோற்றைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். காய் குறைந்த பிறகு வாளியில் அதிகம் தெரிந்தது சோறு. வீட்டுக்காரர் லாரி லேட்டானால் ராத்திரி வெளியிலேயே சாப்பிட்டுவிடுவார், மாமியாருக்கு அது தெரியாது, வழக்கமான உழக்குக் கணக்கில் உலை வைத்துவிடுவார். இப்போது சாயங்காலம் 5 மணிக்கு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் "ராத்திரி எத்தனை பேர்?" என்று பெரியவள் கேட்பாள். பதில் போடாதவருக்குச் சோறு கிடையாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து அவரும் நானும் குடித்துவிடுவோம்.

ஆகஸ்டிலிருந்து இந்த மே வரை பத்து மாசச் சராசரி ரூ.2,350. முன்னால் இருந்த 3,900-க்கு மாசம் 1,550 மிச்சம், பத்து மாசத்தில் 15,500. இதில் 1,300 ரூபாய் வரை சந்தையின் குறைந்த விலையால் வந்தது, மீதி அளவாக வாங்குவதால். ஆனால் அளவாக வாங்காத ரெண்டு மாசமும் அந்த 1,300-லிருந்து ஆயிரம் ரூபாய் வாளிக்குத்தான் போனது. சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெண்டைக்காய் நுனியை ஒடித்தால் சடக்கென்று ஒடிகிறது. கத்தரிக்காம்பு முள் குத்துகிறது. முந்தின நாள் சாயங்காலம் பறித்தது அல்லது அன்று விடிகாலை பறித்தது என்பதால் ஃப்ரிட்ஜிலும் கூடுதல் நாள் தாங்குகிறது. ஆப்பில் வரும் காய் எங்கெங்கோ கிடங்கில் இருந்துவிட்டு வருவதால், என் வீட்டுக்கு வரும்போதே அதன் ஆயுளில் பாதி போயிருக்கும். வீணாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போதுதான் உணர்கிறேன்.

இப்போது குறைகள். எல்லாக் கடையும் விவசாயி கடைதானா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் போகிற சந்தையில் ஒரு கடையில் வருஷம் முழுக்கப் பதினெட்டு வகைக் காய் இருக்கும், பருவமே கிடையாது, ஓரத்தில் ஆப்பிள்கூட இருந்தது. ஒரு குடும்பத்து நிலத்தில் அப்படி விளையாது. அந்தக் கடையில் பலகை விலைக்கு மேலே கிலோவுக்கு எட்டு ரூபாய் வைத்துச் சொன்னார்கள். பலகையைக் காட்டின பிறகு குறைத்தார்கள். செப்டம்பரில் அங்கே வாங்கின ஒரு கிலோ சின்ன வெங்காயம் வீட்டுத் தராசில் 890 கிராம்தான் இருந்தது. அடுத்த தடவை பையோடு கொண்டுபோய்ச் சந்தை அலுவலகத்தில் சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டு, எடை போட்டுப் பார்த்து, கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசி, குறைந்த வெங்காயத்தை வாங்கிக் கொடுத்தார். எழுதி வாங்கிக்கொள்ளவில்லை, அந்தக் கடை இன்னும் இருக்கிறது. இது எனக்கு வருத்தம். உண்மையான விவசாயிக்காக ஏற்படுத்தின இடம் அது. அந்த அப்பத்தா நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ் பிடித்து வந்து, நிழல் இல்லாத கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க, நல்ல இடம் வேறு யாருக்கோ போகிறது.

தராசில் தட்டை வைத்த பிறகு 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காயைப் போடச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மழை பெய்தால் நடைபாதையில் சேறு. பெண்களுக்கான கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. வாங்க வருகிற நமக்கு அரை மணி நேரம்தான், விற்க வருகிற பெண்கள் அதிகாலையிலிருந்து மதியம் வரை என்ன செய்வார்கள்? ஜிபே எல்லாரிடமும் இல்லை, பத்து இருபது சில்லறையாக எடுத்துப் போக வேண்டும். 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் கவர் இன்னும் சில கடைகளில் தொங்குகிறது. நான் ரெண்டு கட்டப்பையும், கீரைக்கும் பச்சைமிளகாய்க்கும் மூணு மஞ்சப்பையும் கொண்டுபோகிறேன். நேரமும் ஒரு தடைதான். 8 மணிக்கு மேல் போனால் கீரையும் பிஞ்சுக் காயும் தீர்ந்துவிடும். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களால் முடியாது. அவர்களுக்கு ஒன்று சொல்ல முடியும்: சனி, ஞாயிறு 11.30 வாக்கில் போங்கள். வகை குறைவாக இருக்கும், ஆனால் திரும்பக் கொண்டுபோக வேண்டாம் என்று விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவார்கள். நன்றாகக் கனிந்த தக்காளியை அப்படி மூணு கிலோ வாங்கி அன்றைக்கே தொக்கு கிண்டி வைத்தால் பத்து நாள் சப்பாத்திக்கும் தயிர்சாதத்துக்கும் ஆகும். அன்றைக்கே கிண்ட முடியாது என்றால் வாங்க வேண்டாம்.

ஆப்பை முழுக்க விட்டுவிடவில்லை. பிரெட், திடீரென்று தீர்ந்துபோன பால், உடம்பு சரியில்லாத நாள் இவற்றுக்கு அது வேண்டும். அதில் கால் கிலோப் பொட்டலமாகக் கிடைப்பது நல்ல விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். டெலிவரிக் காசு வராமல் இருக்க இன்னும் எழுபது ரூபாய்க்குச் சேர்க்கச் சொல்லுமே, அங்கேதான் வேண்டாத காலிஃபிளவர் வீட்டுக்குள் வந்தது. இப்போது அந்த டெலிவரிக் காசைக் கொடுத்துவிடுகிறேன். அது காலிஃபிளவரைவிடக் குறைவு.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. கழிப்பறைக்கும் அந்தக் கடைக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.

போன வாரம் மறுபடி வாளியை எடை போட்டேன். 600 கிராம். அதில் முக்கால்வாசி ஒரே சுரைக்காயின் மிச்சத் துண்டு. முழுசாக ரெண்டு கிலோ இருந்ததை, இருபது ரூபாய்தானே என்று நான்தான் தூக்கி வந்தேன். ஒரு நாள் கூட்டு, ஒரு நாள் சாம்பார், அதற்கு மேல் வீட்டில் யாரும் தொடவில்லை. இந்தப் புதன்கிழமை அதே கடையில் நின்று, "அண்ணே, இதப் பாதியா வெட்டித் தருவீங்களா?" என்று கேட்டேன். ஒரு வருஷமாகப் போகிறேன், இதைக் கேட்கலாம் என்றே தோன்றவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினார். பக்கத்தில் நின்றிருந்த அக்கா, "அந்த இன்னொரு பாதிய எனக்குக் குடுங்கண்ணே" என்றார்.